ஜட்ஜ் ஐயாவின் புது செட்

"போச்சு, போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் கோல்ஃப் கோச்.

ஜட்ஜ் ஐயா ஓங்கி வீசிய வீச்சில் பந்து அசையக்கூட இல்லை. புல் மட்டும் பெயர்ந்து பறந்து, பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பல் டாக்டரின் ஷூவில் போய் உட்கார்ந்தது.

"புது மட்டை செட்டா ஐயா? பளபளன்னு இருக்கே!" என்றார் டாக்டர், காலை உதறியபடி. "ஞாயித்துக்கிழமை கப் மேட்ச்சுக்கு இதோடதான் வரப்போறீங்களா?"

"ஆமா."

"அவசியம் வாங்க!"

வருடா வருடம் ஐயாவிடம் தோற்றுக்கொண்டிருப்பவர் டாக்டர். இன்று அவருடைய பல்வரிசை முழுசும் வெளியே தெரிந்தது.

கோல்ஃப் மைதானத்தின் பயிற்சி வரிசையில் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, ஐயா மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றார். வேறு வழியில்லை. புது செட்டில் இருந்தவை அத்தனையும் இடதுகைக்காரர்களுக்கான மட்டைகள். ஐயாவோ சுத்தமான வலதுகைக்காரர்.

கோச் மெதுவாகப் பக்கத்தில் போனார். "ஐயா, கடையில தப்பான செட்டைக் கொடுத்துட்டாங்க. இப்பவே போனா மாத்திக்கலாம்."

"தப்பெல்லாம் இல்லை. இடதுகையால ஆடினா மூளைக்கு நல்லதாம்."

"அப்ப கப்பு?"

"கப் பெரிசா, மூளை பெரிசா?"

ரிடையர் ஆன பிறகும் ஐயாவின் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. கோச்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருடக்கணக்கில் தொண்டை கிழியக் கற்றுக்கொடுத்த ஆட்டம்! நாலு பேருக்கு முன்னால் வித்தியாசமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷன் இப்படியா பாழாக்குவான்?

வாரம் முழுக்க இதே கூத்து. பந்து வேலிக்குப் போனது, குளத்துக்குப் போனது, கோச் குடித்துக்கொண்டிருந்த டீக்குள்கூட ஒரு தடவை போனது. போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகவே இல்லை.

வியாழக்கிழமை ஐயாவின் மருமகள் வந்தாள். வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்திருந்தாள்.

"வாம்மா! செட் அட்டகாசமா இருக்கு! தொட்டாலே பறக்குது!" என்று ஐயா மைதானமே அதிரக் கூவினார்.

அவள் அவரைப் பார்த்தாள். வரிசையில் நின்ற மற்றவர்களை ஒரு தடவை பார்த்தாள். "வரேன் மாமா" என்றாள். போய்விட்டாள்.

'நின்னு ரெண்டு பந்து பார்க்கப் பொறுமை இல்லை. நல்ல மருமகள்தான்!' என்று கோச் மனசுக்குள் முணுமுணுத்தார். அந்தக் கடுப்பும் ஐயா மேல்தான் திரும்பியது.

"தொட்டாலே பறக்குதா? எதுக்குய்யா இந்தப் பொய்?"

ஐயா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவ வாங்கிக் கொடுத்த செட்டு கோச். கல்யாணமாகி வந்து அவளா ஆசைப்பட்டு எனக்குன்னு வாங்கின முதல் பொருள். அவ இடதுகைக்காரி. கடையில ஒவ்வொண்ணாக் கையில பிடிச்சுப் பார்த்து, கைக்கு அமைஞ்சதை எடுத்திருக்கா. இதுல இடது வலது உண்டுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? தப்புன்னு சொன்னா முகம் வாடிடாதா?"

"அப்ப ஞாயித்துக்கிழமை ஒருநாள் மட்டும் பழைய செட்டைக் கொண்டுவாங்க."

"அன்னிக்கு அவ பார்க்க வர்றா."

கோச் ஐயாவை ஏற இறங்கப் பார்த்தார். உத்தியோகம் முழுக்கப் பொய்ச்சாட்சிகளைக் கூண்டிலேயே நடுங்கவைத்த மனுஷன், ஒரு பெண்ணின் முகம் வாடக்கூடாதென்று ஊரெல்லாம் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறார்!

"தோத்துடுவீங்களே ஐயா."

"தோத்தா என்ன, குடியா முழுகிடும்?" என்றார் ஐயா. குரல் என்னவோ கொஞ்சம் இறங்கித்தான் போயிருந்தது. "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் முதல் ஆளாக வந்து, கப் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். ஐயா இடதுகைச் செட்டைப் பலியாடு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தார்.

பின்னாலேயே மருமகள். அவள் தோளிலும் ஒரு பை!

"மாமா, நீங்க தினமும் சொல்றதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்துடுச்சு. நானும் ஒரு செட் வாங்கிட்டேன். ஆனா பாருங்களேன், கைக்கு அமையவே மாட்டேங்குது. இது வலதுகைக்காரங்களுக்காம்."

"அடடா!"

"உங்களுக்குத்தான் எந்தக் கையும் ஒண்ணுதானே? இதை நீங்க வெச்சுக்கிட்டு, உங்க செட்டை எனக்குத் தர்றீங்களா? கஷ்டமா இருந்தா வேண்டாம் மாமா."

ஐயா தாடையைத் தடவினார். ஆகாயத்தைப் பார்த்தார். நீண்ட பெருமூச்சு விட்டார்.

"பழகிப்போன செட்டும்மா... சரி, பரவாயில்லை. உனக்காக விட்டுக்கொடுக்கிறேன்."

அவர் கை மட்டும் அதற்குள் புதுப் பையின் ஜிப்பைத் திறந்துவிட்டிருந்தது.

ஐயா எல்லோரையும் போல் நேர்ப்பக்கம் திரும்பி நின்றார். ஒரே வீச்சு! பந்து சீறிக்கொண்டு கிளம்பி, குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் சமர்த்தாக இறங்கியது. டாக்டரின் பல்வரிசை சட்டென்று உள்ளே போனது. ஐயா வயசை மறந்து ஒரு துள்ளுத் துள்ளினார். மருமகள் கை வலிக்கத் தட்டினாள்.

கோச்சுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தக் குடும்பத்துக்குக் கடைக்குப் போனாலே கண் அவிந்துவிடும் போலிருக்கிறது! அவளிடம் வந்தார்.

"என்னம்மா, இவ்வளவு செலவு பண்றோமே, பார்த்து வாங்கக் கூடாதா?"

அவள் மாமாவின் துள்ளலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"மாமாகிட்ட சொல்லிடாதீங்க சார். முதல் செட்டைத்தான் பார்க்காம வாங்கிட்டேன். இதை நல்லாப் பார்த்துத்தான் வாங்கினேன்."