கண்ணாடிக்குள் பன்னிரண்டு சட்டைகள்

“தள்ளு சுகிர்தம், கண்ணாடிய உடைச்சிருதேன்!”

சுத்தியலை ஓங்கிய கணவன் ஏசுதாசனின் கையை எட்டிப் பிடித்தாள் சுகிர்தம். “உடைச்சா தண்ணியெல்லாம் வீட்டுக்குள்ள வரும், கண்ணாடித் தூளெல்லாம் சட்டைக்குள்ள போவும். அதப் போட்டுக்கிட்டா பிள்ளைக கபடி ஆடும்? சும்மா இருங்க.”

வாஷிங் மெஷின் பாதித் தண்ணீரோடு நின்றுபோயிருந்தது. தண்ணீர் வடிந்தால்தான் கதவு திறக்கும். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் சோப்பு நுரைக்குள் கிடந்தன, இலஞ்சி பெண்கள் கபடி அணியின் பன்னிரண்டு மஞ்சள் சட்டைகள். நேற்று அரையிறுதி ஆட்டம் சாரலில் நனைந்த சகதித் தரையில் நடந்தது. இன்று நாலு மணிக்குத் தென்காசியில் இறுதி ஆட்டம். அணியின் மேனேஜர் சுகிர்தம். சட்டைகளைத் தைத்தவளும் அவள்தான், துவைத்துத் தருகிறேன் என்று வாங்கி வந்தவளும் அவள்தான். பிள்ளைகள் எல்லாரும் ஏற்கெனவே மைதானத்துக்குப் போய்விட்டார்கள்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. டூல்ஸ் பையோடு ஒரு இளம்பெண் இறங்கி ஓடிவந்தாள்.

“சர்வீஸுக்குப் போன் பண்ணுனது நீங்கதானக்கா? நான் சத்யபிரியா. மெஷின் எங்கன இருக்கு? சட்டுன்னு காட்டுங்க, எனக்கு இன்னொரு வேலை கெடக்கு.”

“உன்னைய விட எங்களுக்கு அவசரம்மா!”

சத்யபிரியா மெஷினை ஓட விட்டுக் காதை வைத்துக் கேட்டாள். “உறுமுது. ஆனா தண்ணி நகர மாட்டேங்கு. அடைப்புதான்.” பிளக்கைப் பிடுங்கினாள். அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ஃபில்டரைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை.

“என்னத்தக்கா போட்டீங்க உள்ள?”

“சகதியோடயே போட்டுட்டேம்மா. அலசிட்டுப் போட நேரமில்ல.”

கண்ணாடியில் ஒட்டிக்கிடந்த ஒரு சட்டை நம்பர் சத்யபிரியாவின் கண்ணில் பட்டது. “மேட்ச் சட்டையா?”

“ஃபைனல்மா! நம்பர் போட்ட சட்டை இல்லாம உள்ள விடமாட்டோம்னு கறாரா சொல்லிட்டாங்க. இருக்கதே இந்த ஒரு செட்டுதான். நாங்க எறங்கலேன்னா இலத்தூர்க்காரிக ஆடாமலே கப்பத் தூக்கிட்டுப் போயிருவாளுக. அவளுக மொகத்தக்கூட நாங்க பாத்ததில்ல!”

சத்யபிரியாவின் கை ஃபில்டரின் மேல் அப்படியே நின்றது.

“ஆடாமலேயா?”

“ஆமா!”

ஒரு கணம் அந்தச் சட்டைகளையே பார்த்தாள். பிறகு முடியை அள்ளி முடிந்துகொண்டு, “அண்ணாச்சி, ஒரு பழைய துணி, ரெண்டு வாளி! ஓடுங்க!” என்றாள்.

துணியைச் சுற்றி, சுவரில் ஒரு காலை ஊன்றி, பல்லைக் கடித்துத் திருகினாள். “வருது... வருது...”

டப்பென்று கழன்றது. செம்மண் தண்ணீர் அவள் மடியிலேயே பீறிட்டது. ஏசுதாசன் வாளியை மாற்றி மாற்றி வைத்தார். நடுவில் அவளுடைய போன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டு, “வந்துட்டேம்ட்டி! நீங்க ரெடியாவுங்க, நான் நேரா வந்துருதேன்” என்று வைத்துவிட்டாள்.

விரலை உள்ளே விட்டுத் துழாவினாள். சகதி, நூல், கடைசியில் வளைந்துபோன ஒரு ஹேர்பின். “தண்ணியத் தள்ளுத காத்தாடியப் பிடிச்சு நிப்பாட்டுனது இவந்தான்!”

எல்லாவற்றையும் மாட்டி மறுபடி ஓட விட்டாள். மெஷின் கடகடவென்று தண்ணீரைத் தள்ளியது. அடுத்த நிமிடம் பாத்ரூம் ஓட்டை வழியாக நுரை பொங்கி மேலே வந்தது.

“ஐயையோ, எதுத்துக்கிட்டு வருதே!”

“வெளிப் பைப்பும் அடைச்சிருக்குக்கா. அத நாளைக்குக் குத்தி எடுத்துக்கிடலாம்.” சத்யபிரியா மெஷினின் குழாயை உருவி, ஜன்னல் கம்பி வழியே வெளியே தள்ளினாள். “அண்ணாச்சி, அங்கிட்டுப் போயி பிடிங்க!”

ஏசுதாசன் வெளியே ஓடினார். பிறகு தென்னை மரத்தடியிலிருந்து ஏசுதாசனின் கூச்சல் கேட்டது. “தண்ணி விழுந்துட்டு! எம்மேலயே விழுந்துட்டு! ஐந்தருவி மாதிரி கொட்டுதுட்டி!”

சுகிர்தம் கைதட்டிக் குதித்தாள். நல்ல தண்ணீரில் ஒரு அலசு, வீடே அதிர ஒரு சுற்று. பிறகு ‘களக்’கென்று கதவு திறந்தது. பன்னிரண்டு சட்டைகளையும் குழந்தையைப் போல வாரி எடுத்தாள் சுகிர்தம். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“அழாம அயர்ன் பண்ணுங்கக்கா. லேட்டா மட்டும் போயிராதீங்க!” சத்யபிரியா பையைத் தூக்கினாள்.

“எம்மா, ஒரு வாய் காப்பியாவது...”

ஸ்கூட்டர் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

“கர்த்தரே அனுப்பி வச்ச பிள்ள” என்றாள் சுகிர்தம்.

மைதானத்தில் ஆட்டோ நின்றதும் பிள்ளைகள் ஓ என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆவி பறக்கும் சட்டைகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டார்கள். கேப்டன் காளீஸ்வரி சுகிர்தத்தைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். “ஜெயிச்சிட்டு வாரோம்க்கா!”

“ஜெயிச்சா மொதல்ல அந்த மெஷின் பிள்ளைக்குத்தான் போன் போடணும்” என்றாள் சுகிர்தம்.

மைக் கரகரத்தது. “டாஸ் போட இலஞ்சி அணித் தலைவி வரவும். இலத்தூர் அணித் தலைவி வரவும்.”

காளீஸ்வரி நடுக்கோட்டுக்கு ஓடினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து, நீலச் சட்டையும் நகக்கண்ணில் இன்னும் போகாத சகதியுமாக, தொடையைத் தட்டிக்கொண்டு களத்தில் இறங்கினாள் சத்யபிரியா.