அஞ்சு கிராம் உப்பு

சின்னத் தராசில் இருந்த வெள்ளைத் தூளை, கத்தி முனையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் குறைத்துக்கொண்டிருந்தாள் பிரிசில்லா. "பேசாம உக்காருங்க. ஒரு சிட்டிகை ஜாஸ்தியானா உங்க உசுருக்குத்தான் ஆபத்து."

பிரேம்நாத் பசியோடு தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் சாம்பார் உப்புக்காகக் காத்துக் கொதித்தது.

"ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு ஸ்பூன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களே. போட்டுட்டு எறக்கேன்."

"எந்த ஸ்பூன்? அவங்க சொன்னது அஞ்சு கிராம். இந்த ஸ்பூன்ல தூளுப்ப தலைதட்டி எடுத்தா ஆறு கிராம் வருது. கல்லுப்புன்னா நாலரைதான், நடுநடுவுல சந்து இருக்குதில்ல? ஸ்பூன நம்பினா இன்னா ஆவறது?"

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. தையல் ஒரு நூல் விலகினாலும் ஷூவைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

ஸ்டேஷன் ரோட்டில் செல்போன் கடை வைத்திருந்த பிரேம்நாத், ஒருநாள் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்து, "எனக்கு பிரஷராம், பிரிசில்லா" என்று சோர்ந்து உட்கார்ந்தார். அவளுடைய அப்பா இதே பிரஷரில்தான் ஒரு பக்கம் இழுத்துப் படுத்தவர். அன்று முழுக்க அழுதாள். மறுநாள் தராசு வாங்கினாள்.

ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. கருவாடு இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"எனக்கு மட்டும் தனியா ஒரு கொழம்பு வெச்சிக்கட்டுமா?" என்று ஒருநாள் கெஞ்சிப் பார்த்தாள்.

"நீ ருசியா சாப்பிடுவ, நான் எச்சில் முழுங்கிக்கிட்டு பாத்துட்டு இருக்கணுமா? ரெண்டு பேருக்கும் ஒரே சட்டிதான்."

"பொறாமை புடிச்ச மனுஷன்!" என்று திட்டினாள். ஆனாலும் ஒரே சட்டியில்தான் சமைத்தாள்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. மறுபடி பாகாயத்துக்கு, டாக்டர் அம்பரீனின் கிளினிக்குக்குப் போனார்கள். நர்ஸ் பிரஷர் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்ற வந்ததும் வழக்கம்போல பிரேம்நாத் பின்வாங்கினார்.

"அது இறுக்கறப்ப பயமா இருக்குது. மொதல்ல நீ கைய நீட்டு."

"சின்னப் புள்ளையாட்டம்!" என்று தலையில் அடித்துக்கொண்டு பிரிசில்லா கையை நீட்டினாள். அப்புறம்தான் அவர் நீட்டினார்.

டாக்டரிடம் தூளுப்புக் கணக்கு, கல்லுப்புக் கணக்கு எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "மாத்திரையே இல்லாம பிரஷர எறக்கிக் கொண்டாந்துட்டேன் பாருங்க டாக்டர். இவரை இவர் இஷ்டத்துக்கு விட்டிருந்தா இன்னேரம் படுத்திருப்பார்."

"உங்கள மாதிரி ஒருத்தர் வீட்டுக்கு வீடு இருந்தா எனக்கு வேலையே இல்ல" என்று சிரித்தார் டாக்டர்.

அந்தப் பெருமையில் முகம் பூரிக்க, கம்பெனியிலிருந்து வந்த போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள் பிரிசில்லா.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "கம்பெனி மெடிக்கல் கேம்ப்ல நான் பார்த்து உங்ககிட்ட சொன்னப்ப இருந்ததுக்கு, பிரஷர் இப்ப நல்லாவே எறங்கிடுச்சு சார். இனிமேலாவது வீட்ல உண்மையைச் சொல்லிடலாமே?"

பிரேம்நாத் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பிரஷர் எனக்கில்ல, அவளுக்குத்தான்னு சொன்னா, உங்க மிஷின் கோளாறும்பா டாக்டர்!"