வாய் மேல விரல்

"எல்லாரும் வாய் மேல விரல் வைங்க!" என்று எல்.கே.ஜி. பிள்ளைகளை அதட்டிவிட்டு, பிரின்சிபால் கூப்பிட்டாரென்று வெளியே போன ரெஜினா மிஸ், விரலை எடுக்கச் சொல்லத் திரும்பி வரவேயில்லை. மணியடித்ததும் மற்ற பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துவிட்டார்கள். அவர்கள் யாரும் படிப்பில் அதிக தூரம் போகவில்லை. வினோதினி எடுக்கவில்லை. அந்த வருடமே அவளுக்குச் சிறந்த மாணவி என்று ஒரு பிளாஸ்டிக் கோப்பை கொடுத்தார்கள். இடது கை விரல் உதட்டிலிருக்க, வலது கையால் பத்தாவது எழுதினாள், பிளஸ் டூ எழுதினாள், பட்டங்களையும் எழுதியே வாங்கினாள். "எம் பொண்ணு இருக்கிற இடமே தெரியாது" என்று அப்பா போகிற கல்யாண வீட்டிலெல்லாம் பெருமையடித்தார். பிஎச்.டி. வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் மட்டும், "விரலை எடுத்துட்டுப் பதில் சொல்லும்மா" என்றார். "எடுத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருப்பாளா சார்?" என்று சிரித்த அவளுடைய ஆய்வு நெறியாளர், பதிலையும் தானே சொல்லி முடித்தார். எல்லோரும் கைதட்டிவிட்டு, வினோதினி வாங்கி வைத்திருந்த பிரியாணியைச் சாப்பிடப் போனார்கள். இன்று கல்லூரியில் உதவிப் பேராசிரியராக அவளுக்கு முதல் வகுப்பு. உள்ளே நுழைந்ததும் அறுபது பேரும் எழுந்து நின்றார்கள். அறுபது உதடுகளிலும் விரல் இருந்தது. இனி இவள் சொன்னால் எடுத்துவிடலாம் என்பதுபோல அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். அதை அவளுக்கு எந்த வகுப்பிலும் நடத்தியிருக்கவில்லை.