பாதை வளைவில் ஓர் ஆள்

"ஏங்க, அந்தப் பாதையில ஒரு ஆளை வரைவீங்களா?"

ஏணியில் நின்றிருந்த லோகநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. பாதி மலையில் கையை எடுத்தால் சாயம் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும்.

ஆடி மாதம். ஆரணியில் கல்யாணங்கள் இல்லை. ஜெயச்சந்திரனின் போட்டோ ஸ்டுடியோவிலும் கூட்டமில்லை. பின்னால் தொங்கும் திரைக்குப் புதுக் காட்சி வரையச் சொல்லியிருந்தார் அவர். காலையிலிருந்து லோகநாதன் அந்தத் துணிக்குள்ளேயே இருந்தான். பக்கத்து வீடுகளின் தறிச்சத்தம் எங்கோ மழை பெய்வதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தது.

முன்னால் கரும்பச்சையில் மரங்கள். நடுவில் வெளிர்மஞ்சளில் ஒரு பாதை. அதற்கப்பால் கண்ணமங்கலம் பஸ்ஸிலிருந்து பார்த்த மலைகள். ஒவ்வொரு மலைக்கும் முந்தையதைவிடக் கொஞ்சம் அதிகமாக வெள்ளை கலந்தான், ஒரு சிட்டிகை நீலமும். அவை ஒன்றன்பின் ஒன்றாக விலகிப் போயின. கடைசி மலை எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்கியது என்று அவனுக்கே தெரியவில்லை.

"யாரை வரையணும்?"

"எங்க வீட்டுக்காரரை. ஒரு போட்டோகூட எடுக்காமயே போயிட்டாருங்க."

முள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்தாள். பெயர் உண்ணாமலை. குரல் சின்னதாக இருந்தது.

இறந்தவர்களை அவன் நிறைய வரைந்திருக்கிறான். அண்ணன் முகத்தைப் பார்த்துத் தம்பியை, மகனைப் பார்த்து அப்பனை. ஜாடை தெரியாமல் எப்படி வரைவது என்று கேட்டான்.

"அம்மாந் தூரத்துல மொகம் எதுக்குங்க? இடது தோள் கொஞ்சம் எறங்கி இருக்கும். பச்சைச் சட்டை."

பச்சை போட்டால் மரங்களோடு மூழ்கிவிடும். வெள்ளை போடலாமா என்றான். அவர் வெள்ளை உடுத்தியதே இல்லை என்றாள்.

யோசித்து, ஆளைப் பாதையின் வளைவுக்கு நகர்த்தினான். மஞ்சள் மிக வெளிறிய இடம் அதுதான். மூச்சை அடக்கி, நகத்தளவுக்கு ஒரு பச்சைத் தீற்றல். இடது தோளைச் சற்றே இறக்கியதும் அது மனிதனாகிவிட்டது.

அதுவரை சும்மா கிடந்த பாதை போகத் தொடங்கியது. மலைகள் இன்னும் பின்னுக்குச் சென்றன. ஏணியில் நின்றபடியே லோகநாதனுக்கு அந்தத் தூரத்தின் குளிர் உடம்பில் பட்டது.

"வந்துகினு இருக்கற மாதிரியா, போய்கினு இருக்கற மாதிரியா?" என்றான் மெல்ல.

"இங்கருந்து பார்த்தா அது தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அப்ப அப்படியே இருக்கட்டுங்க."

திரை காய்ந்ததும் ஜெயச்சந்திரன் அவளை நடுவில் நிற்கச் சொன்னார். அவள் கேட்கவில்லை. பாதையை மறைக்காமல் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். சிரிக்கச் சொன்னபோது கொஞ்சம் சிரித்தாள்.

இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைத் தபாலில் அனுப்பிவிடுங்கள் என்றாள். லோகநாதனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். உறையை அவனிடம் நீட்டினார் ஜெயச்சந்திரன்.

எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தான். நெற்றி நிறையக் குங்குமம்.

பலராமன் என்று ஒரு பெயர் சொன்னாள். பெங்களூரில் ஒரு தெருவும் கதவு எண்ணும் சொன்னாள். எல்லாம் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது.

எழுதி முடித்துவிட்டு, "யாரும்மா இவரு, உங்க அண்ணனா?" என்று கேட்டான்.

"இப்பத்தானே வரைஞ்சீங்க அவரை" என்றாள்.