தொண்ணூறு கேபி

பங்குக் கோயிலின் இணையதளத்தில் தான் செய்து கொடுத்திருந்த நினைவுப் பக்கத்தின் எடை நாற்பத்தோரு எம்பி என்று திரை காட்டியதும் நோயல் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அன்று கல்லறைத் திருநாள். மாலை நான்கு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் பூசை. அதற்குள் தங்கள் வீட்டு இறந்தவர்களின் படங்களைப் போனில் பார்த்துவிட வேண்டும் என்று பங்கு மக்கள் காலையிலிருந்து விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். படம்தான் வந்தபாடில்லை.

கோயில் அலுவலகத்திலிருந்து கரோல் அக்கா கூப்பிட்டுவிட்டார்.

"காலைலேர்ந்து போன் அடிச்சுக்கினே கீது நோயல். வட்டம் மட்டும் சுத்துதாம், ஆளக் காணோமாம்."

அந்த வாரத்தில் ஆபீஸ் ஆட்கள் தவிர அவனைக் கூப்பிட்ட ஒரே குரல் அது. இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். அக்கா வைத்துவிட்டார்.

நோயலுக்கு நாற்பத்து நான்கு வயது. மந்தைவெளியில் ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

அம்மா லூயிசா போய் மூன்று வருடம் ஆகிறது. ஆதம்பாக்கத்தில் அண்ணன் ஃபிரெட்ரிக் வீட்டில்தான் உயிர் போனது. அண்ணனிடமிருந்து தகவல் தாமதமாக வந்தது. அப்போது வேலை பார்த்த பெங்களூரிலிருந்து நோயல் வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள். இனி எனக்கு அண்ணன் கிடையாது என்று எல்லார் முன்னாலும் சொன்னான். சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் வருகிறான். இதில் யாருக்கு என்ன லாபம் என்று சில ஞாயிற்றுக்கிழமைகளில் தோன்றும்.

கல்லறைத் திருநாளில் அவன் போவதற்குள் அம்மாவின் கல்லறைக்கு யாரோ சுண்ணாம்பு அடித்து, சாமந்தி பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போயிருப்பார்கள். யார் என்று அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி தன் மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தள்ளி நட்டுவிட்டு வருவான்.

வேலையைப் பார்த்தான். சர்வரிலிருந்து போனுக்குப் போகிற பாரத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்துகளைச் சுருக்கி அனுப்ப வைத்தான். கீழே இருக்கிற படங்கள், விரல் அங்கே வந்தால் மட்டும் கிளம்பும்படி செய்தான். சுவர் அளவுப் படங்களை உள்ளங்கை அளவுக்கு இறக்கினான்.

அம்மாவின் படத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எப்போதோ வந்த பிரதியை, வெட்டிச் சுருக்கிப் போன வாரமே ஏற்றியிருந்தான். கிறிஸ்துமஸ் புதுச் சட்டையில் அவன், பக்கத்தில் அம்மா. தொண்ணூறு கேபி. அந்தப் பக்கத்திலேயே எடை குறைந்த படம் அதுதான் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை.

கடைசியாக இரட்டைகள். ஒரே ஆளின் படத்தை வீட்டில் இரண்டு மூன்று பேர் அனுப்பிவிடுவார்கள். பெயரும் இறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் புரோகிராம் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை அழிக்கட்டும் என்று கேட்கும். கனமானதை அழிப்பான்.

விக்டர் வாத்தியாரை அவருடைய நான்கு பிள்ளைகளும் நான்கு நாடுகளிலிருந்து அதே பாஸ்போர்ட் படமாக அனுப்பியிருந்தார்கள். நோயல் வாய்விட்டுச் சிரித்தான். சேர்ந்து சிரிக்க ஆளில்லாததால் அது சீக்கிரம் நின்றுபோனது.

பன்னிரண்டாவது இரட்டை, லூயிசா.

இடது பக்கம் அவனுடைய தொண்ணூறு கேபி. வலது பக்கம் ஆறு எம்பி, அன்று காலையில் வந்தது.

அதே படம்தான். அதே சுவர், மேலே அதே கிறிஸ்துமஸ் நட்சத்திரம். அம்மாவுக்கு இந்தப் பக்கம் நோயல். அந்தப் பக்கம், அவன் வெட்டி எறிந்திருந்த மூன்றில் ஒரு பங்கில், ஃபிரெட்ரிக் சிரித்துக்கொண்டு நின்றான்.

தன் படத்தில் தோள்மேல் ஏதோ இருந்ததை நோயல் சட்டை மடிப்பு என்று நினைத்திருந்தான். ஆறு எம்பியில் அது நான்கு விரல்கள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நீண்டு வந்த அண்ணனின் கை.

அனுப்புபவர் என்ற இடத்தில் அவன் 'மகன் நோயல்' என்று போட்டிருந்தான். வலது பக்கப் படத்தில் 'மகன்கள் ஃபிரெட்ரிக், நோயல்' என்று இருந்தது.

எதை அழிக்கட்டும் என்று புரோகிராம் கேட்டுக்கொண்டே நின்றது.

அன்று முதன்முறையாக, எடை குறைந்ததை அழித்தான். ஆறு எம்பியைச் சுருக்கவும் கை வரவில்லை. சுருக்கினால் அந்த விரல்கள் மறுபடியும் சட்டை மடிப்பாகிவிடும்.

மூன்று மணிக்கு அக்கா கூப்பிட்டார்.

"எல்லாம் டக்குனு வருது நோயல். உங்க அம்மா மட்டும் இன்னா, இன்னும் சுத்திக்கினே கீது?"

"வரும்க்கா, இருங்க."

தன் போனிலும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். படம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. முதலில் நட்சத்திரம் வந்தது. பிறகு மூன்று தலைகள். பிறகு தோள்.