முதல் பங்கு

காணிக்கைப் பையின் கட்டையைப் பிடித்த என் கை நீளமாட்டேன் என்கிறது.

ஐந்தாவது பெஞ்சின் ஓரத்தில் என் மனைவி. கையில் கவரோடு காத்திருக்கிறாள்.

மகன் போய் நாற்பத்தேழு நாள் ஆகிறது. கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. முதல் சம்பளம் வாங்கின வாரமே மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். நஷ்டஈடு போன வாரம்தான் வந்தது. அதில் பத்தில் ஒன்று அந்தக் கவரில் இருக்கிறது.

சபையில் எனக்குப் பட்டப்பெயரே தசமபாகம். பழைய பேப்பர் போட்ட காசில்கூடப் பங்கு எடுத்துவைக்கிற ஆள். அண்ணன் தும்மினாலும் பத்தாவது தும்மல் ஆண்டவருக்கு என்று பாடகர் குழுவில் கிண்டல் செய்வார்கள். நானும் சிரிப்பேன். பெருமைதான், இல்லாமல் என்ன?

பால்காரருக்குத் தவணை சொல்லிவிட்டு சபைக்குக் கவரா என்று முணுமுணுப்பவள் அவள்தான்.

இப்போது எல்லாம் தலைகீழ். நேற்று முழுக்கக் கெஞ்சினேன். உழைத்து வந்ததில் பங்கு கொடுக்கலாம், பிள்ளையைக் கொடுத்து வந்ததில் என்ன பங்கு என்றேன். கட்டாயமில்லை என்று ஆயரும் சொல்லிப் பார்த்தார். அவள் அசைந்து கொடுக்கவில்லை. நீங்கள் வளர்த்த பிள்ளை, இருந்தால் கொடுத்திருப்பான் என்றாள்.

பாட்டு முடிந்துவிட்டது. கீபோர்டுக்காரர் கடைசிச் சரணத்தை மறுபடி எடுக்கிறார். பின் பெஞ்சுக்காரர்கள் என்னையே பார்க்கிறார்கள்.

"நீட்டுங்க," என்கிறாள் மெதுவாக. "பாவம், பிள்ளைக்குக் குடுத்து வைக்கல. அவன் பேர்ல முதல் தடவையா நான் போடுறேன்."

நீட்டுகிறேன். கவர் உள்ளே விழுகிறது.

முதல் தடவை இல்லை. இதை அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

சம்பளம் வாங்கிய அன்று வாசலில் வைத்து என்னிடம் கேட்டான். செருப்பு வழுக்குகிறது, வேலைக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வேண்டும், வாடகை போக மிஞ்சுவது அந்தப் பங்குதான், அடுத்த மாதம் இரண்டாகச் சேர்த்துப் போட்டுவிடட்டுமா என்று.

முதல் பங்கு கர்த்தருக்கு, காலுக்கு அப்புறம் என்றேன்.

அந்த ஞாயிறு அவள் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாள். இதே பையை நான்தான் அவன் முன்னால் நீட்டினேன். போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் மழை. அந்தச் செருப்போடுதான் சாரத்தில் ஏறினான்.