சம்பந்தியம்மாவின் ஃபாக்ஸ் டெரியர்

பெங்களூர் ரயில் ஆம்பூர் ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் கமலம் நாயைத் தன் புடவைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“மறைக்காதே கமலா. மறைச்சாதான் சந்தேகம் வரும்,” என்றார் கோதண்டபாணி.

“நீங்க வாயத் தொறக்காம இருங்க. அது போதும்.”

இங்கே ரயில் நிற்பதே கொஞ்ச நேரம்தான். சம்பந்தியம்மா தூங்கிப்போய் இறங்காமலே போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் நினைத்தாள்.

காசிக்குப் போகும்போது சம்பந்தியம்மா சுலோச்சனா தன் நாயை இவர்களிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். நாய் என்று சொன்னாலே அவளுக்குக் கோபம் வரும்.

“ஃபாக்ஸ் டெரியர்னு சொல்லுங்க சம்பந்தி. வெள்ளக்காரன் குதிர மேல போய் நரி வேட்டையாடுனான் பாருங்க, அவங்கூட ஓடுன பரம்பரை.”

வெள்ளை உடம்பு. இரண்டு காதிலும் முதுகிலும் பழுப்புத் திட்டு. அரை வால். பேர் டியூக். குளிப்பாட்டக் கூடாது, பவுடர் மட்டும் போடலாம். மழையில் நனையவே கூடாது, வெளிநாட்டுத் தோல், சளி பிடித்துக்கொள்ளும். அவர்கள் அடுக்குமாடியில் இப்படி ஒரு நாய் வேறு யாரிடமும் இல்லையாம். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவள் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசியது கம்மி, டியூக்கைப் பற்றிப் பேசியதுதான் ஜாஸ்தி.

அப்பேர்ப்பட்ட வேட்டைப் பரம்பரை, வந்த வாரமே பிரியாணிக் கடை வாசனையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடிவிட்டது. அன்றைக்கென்று பார்த்து மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது.

பேரணாம்பட்டு ரோடு வரைக்கும் ஆட்டோ வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் மகள் நந்தினி போனில் அழுதாள்.

“நான் காணாமப் போனாக்கூட எங்க அத்தை தாங்கிக்குவாங்கம்மா. டியூக் போய்ட்டான்னு தெரிஞ்சா அப்புறம் இந்த வீட்ல என்னால குப்பை கொட்ட முடியாது.”

மழை விட்ட பிறகு ஒரு தெரு நாய் வந்து கேட் ஓரமாக நின்றது. முழு வெள்ளை. அதே உயரம். வால்கூட அரைதான்.

“எங்கயோ கதவுல மாட்டிக்கிச்சு போல,” என்றார் கோதண்டபாணி.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் தோல் பதனிடும் ஷாப்பில் சாயப் பிரிவில் இருப்பவர். போனில் டியூக்கின் போட்டோவைப் பெரிதாக்கி, கலர் அட்டையைப் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கினார்.

“இது டேன் கலர் இல்ல கமலா. காக்னாக் கலர்.”

“இன்னா எழவோ. ஒரு டப்பாவுல கலந்து எடுத்துட்டு வாங்க.”

“ஃபேக்டரி சாயம் ஆவாது. நாக்கால நக்குற ஜீவன்.”

அதனால் பக்கத்து வீட்டு வஹீதாவைக் கூப்பிட்டார்கள். கல்யாணப் பெண்களுக்கு மருதாணி வைப்பவள். வந்தவள் நாயைப் பார்த்துவிட்டு, “நிக்காஹ் எப்போக்கா?” என்று கேட்டுக்கொண்டே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். நாய் தானாகவே வந்து அவளுக்குக் காதைக் காட்டியது.

“பொண்ணுங்ககூட இப்படி ஆடாம ஒக்காராதுங்க. எத்தினியோ தடவ வச்சிக்கிட்ட மாதிரியில்ல இருக்குது!”

கெட்டிக்கார நாய்தான். முதல் தடவை டியூக் என்று கூப்பிட்டதுமே திரும்பிப் பார்த்தது.

“பசி. கலெக்டர்னு கூப்ட்டாலும் திரும்பும்,” என்றார் கோதண்டபாணி.

சுலோச்சனா கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினாள். பின்னாலேயே மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷ், ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் காசித் தீர்த்தமுமாக.

கமலத்தின் கையிலிருந்து கயிறு நழுவியது. நாய் பிளாட்பாரம் முழுக்க ஓடிப்போய் சம்பந்தியம்மாமேல் தாவியது.

“பரவால்லியே. இதை நாம சொல்லித்தரவே இல்லையே,” என்று முணுமுணுத்தாள் கமலம்.

“அவங்க பையில பிஸ்கட் இருக்கும்.”

சுலோச்சனா நாயை வாரியெடுத்துக் கொஞ்சினாள். திடீரென்று நிறுத்தினாள். காதை விரலால் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள். காதை மறுபடி அழுத்தித் தேய்த்தாள். பிறகு முகர்ந்தாள்.

“மருதாணியா?”

கமலத்துக்கு, நந்தினி பெட்டியைக் கட்டிக்கொண்டு இதே ஸ்டேஷனில் வந்து இறங்குவதுபோல் கண் முன்னால் தெரிந்தது.

“அது வந்துங்க, எங்க ஊரு தண்ணி ஒரு மாதிரி...” என்று ஆரம்பித்தார் கோதண்டபாணி.

சுலோச்சனா திரும்பிப் பார்த்தாள். மகன் தூரத்தில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் கமலத்தின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

“மழைல விட்டுட்டீங்களா சம்பந்தி? அவ்வளவு தூரம் படிச்சிப் படிச்சிச் சொன்னேனே.”

கமலம் தலையை மட்டும் ஆட்டினாள்.

“சரி, போவட்டும். எம்புள்ளைக்கே தெரியாது, நீங்களும் மூச்சு விடாதீங்க. நான் பூசுறது வெறும் காபி டிகாஷன். ஒரு மழைக்குத் தாங்காது.” மறுபடி காதைத் தடவிப் பார்த்தாள். “இது எத்தினி நாள் நிக்கும்?”

முழு வெள்ளையாகக் கேட்டில் வந்து நின்ற நாய், அவள் தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

கோதண்டபாணிதான் முதலில் வாயைத் திறந்தார்.

“அப்போ அந்த வாலு?”

“லிஃப்ட் கதவு,” என்றாள் சுலோச்சனா.